சூடானதும் ஐடிலிங் ஏறும் வண்டி: ஸ்லோ ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்னால்

காலையில் எடுக்கும்போது வண்டி ஒழுங்காகத்தான் நிற்கிறது. புதுவயலில் கிளம்பி காரைக்குடி பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள், ஆக்சிலேட்டரை முழுசாக விட்ட பிறகும் இன்ஜின் இறங்க மாட்டேன் என்கிறது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இரைச்சல். கியரில் போட்டு கிளட்ச்சை லேசாக விட்டாலே வண்டி தானாக முன்னால் ஓடுகிறது. இந்தப் புகாரோடு என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சூட்டில் குறைத்து வைத்தார்கள், சரியானது போலத் தெரிந்தது, மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகி நிற்காமல் அணைந்து அணைந்து போனது, மறுபடி ஏற்றினார்கள், மத்தியானம் மறுபடி அலறல். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏன் சூட்டில் மட்டும் ஏறுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, உள்ளே போகிற காற்று மிகக் கொஞ்சம். ஆக்சிலேட்டர் விட்ட நிலையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்ப்பரேட்டரின் வாய் கீற்று அளவுதான் திறந்திருக்கும். அந்தக் கீற்றைத் தவிர வேறு எங்காவது ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும், இன்ஜினைப் பொறுத்தவரை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்ததற்குச் சமம். ஆனால் இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் கெட்டியாக இருந்து பிடித்து இழுக்கும், அதனால் அந்தக் கூடுதல் காற்று இன்ஜினைத் தூக்குவதற்குப் பதிலாகத் தடுமாற வைக்கும். பத்து நிமிடம் ஓடி சூடேறியதும் பெட்ரோல் நன்றாக ஆவியாகிறது, ஆயில் இளகிவிடுகிறது, அதே ஓட்டையில் வருகிற அதே காற்று இப்போது ஒழுங்காக எரிந்து இன்ஜினை 2500, 3000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்று ஏற்றுகிறது. ஆக, கோளாறு காலையிலும் இருந்தது, குளிர் அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஸ்லோ ஸ்க்ரூ இந்த ஓட்டையை அடைக்காது.

சரி, உண்மையிலேயே கோளாறுதானா? நம் ஊரில் ஓடும் 100, 125, 150 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு சூடான ஐடிலிங் 1400 ஆர்.பி.எம். பக்கம் இருக்க வேண்டும், நூறு கூடலாம், நூறு குறையலாம். குளிரில் 1300ல் நின்று சூட்டில் 1500 ஆனால் அது கோளாறே இல்லை, இயல்பு. யாரோ காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஸ்லோ வைத்திருந்தால்கூட சூட்டில் ஏறும். அதற்கு மட்டும் ஸ்க்ரூவைத் திருகினால் போதும், அதையும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து திருகுங்கள். மீட்டர் இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். நாலு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் 1400ல் ஓடும்போது வினாடிக்கு 12 அடி போலத்தான் விழும், கவனித்துக் கேட்டால் அடிகள் ஓரளவு பிரிந்து கேட்கும். 2500க்கு மேல் போனால் 20 அடியைத் தாண்டி ஒரே இழுப்பான ரீங்காரமாகிவிடும். இந்த வித்தியாசம் இரண்டு நாளில் காதுக்குப் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சோதனை எல்லாவற்றையும் திறந்த வெளியில், சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் செய்யுங்கள். வண்டியை முகப்பைத் தாண்டி உள்ளே வளவு என்கிற நடு முற்றம் வரைக்கும் ஏற்றி நிறுத்துகிற வழக்கம் நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் உண்டு. அங்கே வைத்து அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிடக் கூடாது. மேலே வானம் தெரிந்தாலும் சுற்றி இருக்கும் அறைகளில் புகை தங்கும், அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

ஹேண்டிலைத் திருப்பினால் ஏறுகிறது, இறங்குகிறது

இது தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், செலவு குறைவு. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் மாறினால் ஆக்சிலேட்டர் கேபிள்தான். கேபிளுக்குக் கொஞ்சம் ஆட்டம் வேண்டும். கைப்பிடியைத் திருப்பும்போது கேபிள் இழுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் விளிம்பில் 2 முதல் 6 மி.மீ. வரை சும்மா சுற்ற வேண்டும். பல வண்டிகளில் அது பூஜ்யமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் கேபிள் இல்லை, கேபிள் போகிற பாதை: டேங்கைக் கழற்றி மாட்டியவர் கேபிளை பிரேம் இடுக்கில் நசுக்கி விட்டிருப்பார், ஹேண்டிலை உயரமானதாக மாற்றியிருப்பார்கள், செல்போன் ஸ்டாண்டு மாட்டி அதன் கிளாம்பு கேபிளை வளைத்திருக்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, கார்ப்பரேட்டர் தலையில் இருக்கும் அட்ஜஸ்டரை உள்ளே திருகி கேபிளை முழுசாகத் தளர்த்திவிடுவது. தளர்த்தியதும் ஐடிலிங் இறங்கி நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம். இறங்கவே இல்லையென்றால் கேபிள் குற்றவாளி இல்லை, அட்ஜஸ்டரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து அடுத்ததைப் பாருங்கள்.

முறுக்கிவிட்டால் கைப்பிடி தானாகத் திரும்பி வரவில்லை, விரலால் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால் கேபிளுக்குள் செம்மண். நம் பக்கத்துப் புழுதி மாவு போல இருக்கும், கேபிள் வாயில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து களியாகிவிடும். இதற்கு மறுபடி எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு, ஒரு மாதம் ஓடும், அப்புறம் அதே கதை. மேல் முனையில் ஈயக் குண்டு பக்கத்தில் கம்பி இழை ஒன்று சிலும்பி நின்றாலும் சரி, உடனே கேபிளை மாற்றுங்கள். ஆக்சிலேட்டர் பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

முறுக்கி விட்டால் உடனே இறங்காமல் தொங்கி நின்று மெதுவாக இறங்குகிறது

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஒரு முறுக்கு கொடுத்து சட்டென்று விடுகிறீர்கள், சத்தம் 3000ல் இரண்டு மூன்று வினாடி அப்படியே நிற்கிறது, அப்புறம் மனசில்லாமல் இறங்குகிறது, சில சமயம் இறங்குவதே இல்லை. சரிவில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது சைலென்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறத்துக்குப் பதிலாக வெளுத்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் இன்ஜின் எங்கேயோ கள்ளத்தனமாகக் காற்று இழுக்கிறது என்று அர்த்தம்.

எங்கே தேட வேண்டும் என்பது முக்கியம். ஏர் பில்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் கிழிந்தால் புழுதி உள்ளே போகும், பிஸ்டன் தேயும், அதையும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஐடிலிங் இவ்வளவு ஏற அது காரணம் ஆகாது, ஏனென்றால் அந்தக் காற்றும் கார்ப்பரேட்டரின் கீற்று வழியாகத்தான் போயாக வேண்டும். நாம் தேடுவது கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில். அங்கே மேனிபோல்டு என்ற சின்னக் குழாய் இரண்டையும் சேர்க்கிறது, அதற்கு இரண்டு இணைப்பு: கார்ப்பரேட்டரும் மேனிபோல்டும் சேரும் இடம், மேனிபோல்டும் ஹெட்டும் சேரும் இடம். அதோடு மேனிபோல்டில் சின்னக் குழாய் மூக்கு ஏதாவது இருந்து அதன் மேல் ரப்பர் மூடி போட்டிருந்தால் அதுவும். அந்த மூடி வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், விரலால் தொட்டால் உதிரும். பார்த்தால் ஒன்றுமில்லாத சாமான், ஆனால் மூன்று மெக்கானிக் கையை மாறி வந்த வண்டியில்கூட இதுதான் கோளாறாக இருந்திருக்கிறது. புகைக்குழாய்க்குக் காற்று அனுப்பும் ஏற்பாடு உள்ள வண்டிகளில் மேனிபோல்டிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் போகும், அதன் இரண்டு முனையையும் வளைத்துப் பாருங்கள்.

சோதிக்க, சலூனில் முடிக்கு அடிக்கும் தண்ணீர் ஸ்பிரே பாட்டில் போதும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்தால் கீறலுக்குள் நன்றாக நுழையும். இன்ஜின் சூடாகி, ஏறிய ஐடிலிங்கில் அலறிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு இணைப்பின் மேலும் இரண்டே பிசிறு அடித்து, மூன்று எண்ணும் வரை காதைக் கொடுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டதும் சத்தம் தடுமாறும், ஒரு கணம் இறங்கும். ஒரே இடத்தில் மூன்று தடவை அடித்து மூன்று தடவையும் தடுமாறினால்தான் நம்ப வேண்டும். சூடான ஹெட்டின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள், பிளக் மூடியில் படாமல் பாருங்கள். சிலர் இதையே பெட்ரோலை ஊற்றிச் செய்கிறார்கள். சூடான சைலென்சர் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

கோத்தமங்கலம் பக்கமிருந்து தினமும் பால் கொண்டுவரும் அண்ணன் ஒருவர் வண்டி, இரண்டு பக்கமும் கேன் தொங்கும் 100 சிசி. வேறு ஒரு கடையில் கார்ப்பரேட்டரை இறக்கி சர்வீஸ் செய்து வாங்கிய இரண்டாவது நாளிலிருந்து சூட்டில் அலற ஆரம்பித்துவிட்டது. "புதுசா கார்ப்பரேட்டர் போடணும்னு சொல்றாங்க தம்பி, அதுக்குப் பணம் தோது பண்ணிட்டிருக்கேன்" என்றார். தண்ணீர் அடித்தேன், கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் மூன்று தடவையும் தடுமாறியது. கழற்றிப் பார்த்தால் ஓ ரிங் புதுசாகத்தான் இருந்தது. ஆனால் இன்ஜினோடு ஒட்டும் கார்ப்பரேட்டரின் முகம் வளைந்திருந்தது. இரண்டு பக்கம் இரண்டு போல்ட்டு, நடுவில் ரப்பர் ரிங். போல்ட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் போல்ட்டு போகும் இரண்டு காதும் இன்ஜின் பக்கம் வளைந்து, நடுப்பகுதி பின்னால் தங்கிவிடும். அலுமினியம் அவ்வளவு மெத்து. குளிரில் ரிங் எப்படியோ சமாளிக்கிறது, சூட்டில் விட்டுவிடுகிறது.

இதைச் சமன் செய்ய தட்டையான ஒரு பரப்பு வேண்டும், கண்ணாடியைவிடத் தட்டையானது நம் கைக்கு எட்டுகிற விலையில் கிடையாது. ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துத்தான் அதன் மேல் கலர்க் கலவையை ஊற்றுகிறார்கள், அந்தத் தரைக் கல்லின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவதுதான், சூளையில் சுடுவதே இல்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் மூலை உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார், பல வருஷமாக அதுதான் என் சமன் பலகை. கண்ணாடியின் மேல் 400 நம்பர் உப்புக் காகிதத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டவைத்து, கார்ப்பரேட்டரிலிருந்து ரிங்கை எடுத்துவிட்டு, பெட்ரோலும் காற்றும் போகும் ஜெட் ஓட்டைகளில் துணி அடைத்து, முகத்தை எட்டு போடுவது மாதிரி மெதுவாகத் தேய்க்க வேண்டும். பத்து சுற்றில் திருப்பிப் பாருங்கள். இரண்டு காதின் ஓரமும் வெள்ளி மாதிரி பளிச்சென்றும் நடுவில் பழைய மங்கலாகவும் இருந்தால் வளைவு உறுதி. அண்ணன் வண்டியில் நடுவில் மங்கல் நன்றாகவே தெரிந்தது. பளிச்சென்ற நிறம் ரிங்கின் பள்ளத்தைச் சுற்றி முழு வட்டமாக வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் பள்ளத்தின் ஆழம் குறைந்து ரிங் நசுங்கும். பெட்ரோலால் கழுவி, துணியை எடுத்து, காற்றடித்து, புது ஓ ரிங் போட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் சின்ன ஸ்பேனரை நடுவில் பிடித்து மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள், தோள் பலம் வேண்டாம். ஒரு ஓ ரிங் செலவில் முடிந்தது. அண்ணனுக்குப் புது கார்ப்பரேட்டர் தேவைப்படவில்லை.

ரப்பர் மேனிபோல்டு உள்ள வண்டியில் ரப்பரைக் கையில் எடுத்து மடக்கிப் பார்க்க வேண்டும். மாட்டியபடி பார்த்தால் வெடிப்பு தெரியாது, மடக்கினால்தான் வாயைத் திறக்கும். வெடித்திருந்தால் மாற்றுவது ஒன்றே வழி. சிலிக்கான் பசை அப்பி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பி உரிந்துவிடும், உரிந்த துண்டு உள்ளே போனால் வால்வு வரைக்கும் வேலை வைக்கும்.

குளிரில் நிற்பதே இல்லை, சூட்டில் அலறுகிறது

காலையில் ஐந்து தடவை அணைகிறது, அதனால் ஸ்லோவை ஏற்றி வைத்தோம், இப்போது மத்தியானம் தாங்கவில்லை. இப்படிச் சொன்னால் நான் முதலில் கேட்பது, வண்டி எவ்வளவு நாள் சும்மா நின்றது என்று. செட்டிநாட்டில் இந்த வகை வண்டி நிறைய. வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், திருவிழா, முன்னோருக்குப் படைப்பு என்று ஊருக்கு வருகிற நாலு நாளுக்கு ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி முகப்பு ஓரத்தில் துணி போர்த்தி நிற்கும். கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் பவுலில் மிச்சமிருந்தது ஆவியாகி, அடியில் மஞ்சள் பிசினாக நிற்கும். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், அதனால் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பு வேறு.

அந்தப் பிசின் முதலில் அடைப்பது பைலட் ஜெட்டை, ஸ்லோ ஜெட் என்றும் சொல்வோம். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தருவது அதுதான், அதன் ஓட்டை ஊசி முனை அளவுதான். பாதி அடைத்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடுகிறது. குளிரில் எரியாமல் அணைகிறது, சூட்டில் ஏற்றி வைத்த ஸ்லோவோடு சேர்ந்து பறக்கிறது. உறுதி செய்ய ஒரு சோதனை: இன்ஜின் சூடாக அலறும்போது, குளிரில் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கைப் பாதி இழுங்கள். சத்தம் திணறாமல் இன்னும் சீராக, அல்லது இன்னும் வேகமாக ஓடினால் பெட்ரோல் பற்றாக்குறைதான். உடனே கனத்து அணையப் பார்த்தால் பற்றாக்குறை இல்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள். காற்று ஓட்டை உள்ள வண்டியும் சோக்குக்கு இதே பதிலைத்தான் சொல்லும், அதனால் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள்.

ஜெட்டைக் கழற்ற பொருத்தமான அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பித்தளை, வாய் சிதைந்தால் எடுக்கவே முடியாது. கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு. ஊக்கு, ஊசி, கேபிள் கம்பி எதையும் உள்ளே விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் அந்த ஜெட் செத்தது. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து பஞ்சர் கடையில் காற்றடித்தால் போய்விடும், போகாவிட்டால் புது ஜெட் வாங்கிவிடுங்கள். உடலில் இருக்கும் வழிகளுக்கும் காற்றடிக்க வேண்டும், ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மாட்டினால் வந்த வேலை மறுபடி வரும்.

ஐடிலிங்கில் பெட்ரோல், காற்று கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். பொதுவாக ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்று இருக்கும். முட்டியதும் நிறுத்த வேண்டும், அழுத்தினால் முனை வளையும். ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர், வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருகி வண்டியைக் கெடுத்தவர்கள் அதிகம். சுத்தம் முடிந்து மாட்டியதும், சூடான இன்ஜினில், இந்த ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று அரைக்கால் சுற்றாகத் திருகி சத்தம் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, அதற்கப்புறம் ஸ்லோ ஸ்க்ரூவால் 1400க்கு இறக்குங்கள். இங்கேதான் ஸ்லோ ஸ்க்ரூவுக்கு வேலை.

வண்டியை விட்டுவிட்டு வெளியூர் திரும்பும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, பவுலில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பெட்ரோல் வாசம், பிளக் கருப்பு, அப்படியும் ஏறுகிறது

சோக் முழுசாக மூடவில்லை. கேபிள் சோக் உள்ள வண்டியில் உள்ளே ஒரு சின்ன பிளஞ்சர், அதன் அடியில் ரப்பர். கேபிள் டைட்டாக இருந்தாலோ ரப்பர் பள்ளம் விழுந்திருந்தாலோ பெட்ரோலும் காற்றும் சேர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கேபிளைக் கழற்றி பிளஞ்சரை விரலால் அழுத்திப் பாருங்கள், சத்தம் இறங்கினால் அதுதான். கார்ப்பரேட்டர் உள்ள ஸ்கூட்டர்களில் தானாக மூடும் சோக் இருக்கும், அது கரண்டில் சூடாகித்தான் மூடும். அதன் ஒயர் கழன்றாலோ எலி கடித்தாலோ வண்டி எவ்வளவு சூடானாலும் சோக் திறந்தே இருக்கும். ஒயரை மாட்டினால் ஐந்து பத்து நிமிடத்தில் தானாக இறங்கும்.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு

1985லிருந்து 1996 வரை வந்த இரண்டு ஸ்ட்ரோக் யமஹா வண்டி, நம் பக்கம் இன்னும் உயிரோடு நிறைய ஓடுகிறது, சிங்கப்பூரிலிருந்து வந்து தேடி வாங்குகிறவர்களும் உண்டு. இந்த வண்டி சூட்டில் ஐடிலிங் ஏறி நின்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க் அறையே காற்றை இழுக்கும் பம்பு. கிராங்க்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல் வெயிலிலும் வயதிலும் கெட்டியாகி உதடு விரிந்தால் காற்று நேராக உள்ளே போகும். காற்று ஓட்டை நாலு ஸ்ட்ரோக்கில் வெறும் தொந்தரவு, இங்கே பிஸ்டன் பிடித்துவிடும், ஓடும்போது பின் சக்கரம் பூட்டும்.

முதலில் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை கார்ப்பரேட்டர் ரப்பரிலும் சிலிண்டர் அடியிலும் செய்யுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்றால் மின்சாரம் தரும் மேக்னட் பக்கத்து சீல். கிளட்ச் பக்கத்து சீல் போனால் அடையாளம் வேறு: அது காற்றோடு கியர் ஆயிலையும் இழுக்கும், வெள்ளைப் புகை கனமாக வரும், கியர் ஆயில் மட்டம் காரணமில்லாமல் குறையும். சந்தேகம் இருந்தால் கார்ப்பரேட்டர் வாயையும் சைலென்சர் வாயையும் அடைத்து பிளக் ஓட்டை வழியாக 6 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றடித்துப் பார்ப்பார்கள், சில நிமிடம் அழுத்த மீட்டரின் முள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அழுத்தம் கொடுத்தால் நல்ல சீலும் போய்விடும். மேக்னட் பக்கத்து சீலை, மேக்னட்டை அதற்குரிய புல்லரால் இழுத்துவிட்டு வெளியிலிருந்தே மாற்றலாம். சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது.

பழைய இரும்பு இன்ஜின் புல்லட், பாயிண்ட் உள்ளது என்றால் கூடுதலாக ஒன்று: ஸ்பார்க் டைமிங்கை வேகத்துக்கு ஏற்ப முன்னே தள்ளும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தால், முறுக்கி விட்ட பிறகு அது திரும்பி வராது, ஐடிலிங்கும் இறங்காது. மூடியைத் திறந்து கையால் திருப்பிவிட்டுப் பாருங்கள், சுண்டி வர வேண்டும்.

கார்ப்பரேட்டரே இல்லாத வண்டி

2020 ஏப்ரல் 1க்குப் பிறகு விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 (புகை விதி) பைக்குகளில் பெரும்பாலும் எஃப்.ஐ.தான், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. இதில் குளிரில் ஐடிலிங் கூட இருந்து சூட்டில் இறங்குவதுதான் முறை, கம்ப்யூட்டரே அப்படிச் செய்கிறது. இறங்காமல் குளிர் அளவிலேயே நின்றால், இன்ஜின் சூடானது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை என்று பொருள். சூடு பார்க்கும் சென்சாரோ அதன் ஒயர் சாக்கெட்டோ. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், வெந்நீரில் முனையை வைத்தால் ஓம் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும், குறையாவிட்டால் மாற்றுங்கள். மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்தாலோ விட்டு விட்டு மின்னினாலோ அந்த மின்னலின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கம்பெனி சர்வீஸில் காட்டுங்கள், கோளாறு எது என்று அந்த எண்ணிக்கைதான் சொல்லும். மேனிபோல்டு ரப்பர் ஓட்டை இதிலும் வரும், அதே தண்ணீர்ச் சோதனைதான். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியில் கருப்பு படிந்து ஐடில் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு, அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் துணி நனைத்துத் துடையுங்கள். பெயின்ட் அடித்து மூடிய ஸ்டாப்பர் ஸ்க்ரூ ஒன்று கண்ணில் படும், அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த இடத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் எல்லாக் கணக்கையும் போடுகிறது.

பிளக் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, வேறு பங்கில் பெட்ரோல் போடுவது, இவை எதுவும் இந்தக் கோளாறைத் தீர்க்காது. வால்வு டைட்டாக இருந்தால் சூட்டில் ஐடிலிங் பெரும்பாலும் தடுமாறி அணையும், ஏறாது.

எந்த வேலை செய்தாலும் அன்றைக்கே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சூட்டில் 1400 வைத்து அனுப்பிய வண்டியை மறுநாள் காலை குளிரில் சோக் போட்டு எடுத்து, ஒரு நிமிடத்தில் சோக்கை எடுத்த பிறகும் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியே ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு பக்கமும் ஹேண்டிலைத் திருப்பி, ஒரு முறுக்கு முறுக்கி விட்டுக் கேளுங்கள். பால்கார அண்ணன் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு கேனோடு வந்து கடை வாசலில் வண்டியை அணைக்காமலே நிறுத்தினார், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளிருந்தபடி சத்தம் கேட்டது, அடி அடியாகப் பிரிந்து.